வீட்டில் கிடக்கும் பழைய கசற்றுகள்: போட்டுக் கேட்பதற்கு முன்

எங்கள் நகரில் சில குடும்பங்கள் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை யாராவது ஒருவர் வீட்டில் கூடுவோம். ரொறன்ரோக் குளிரில் வேறு எங்கே போவது? தேநீரும் றோல்ஸும் முடிந்தபின், அண்மையில் விரும்பிக் கேட்ட ஒரு இசையை ஒவ்வொருவரும் மற்றவர்களுக்குப் போட்டுக் காட்டவேண்டும். பல்கலைக்கழகத்தில் படிக்கும் பிள்ளைகள் சந்தோஷ் நாராயணனைக் கொண்டுவருவார்கள். ஒருவர் எப்போதும் எம்.டி. இராமநாதனின் ஆறுதலான பாட்டோடு வருவார். எல்லாமே கைபேசிக்குள் இருந்துதான் வரும்.

சில மாதங்களுக்கு முன் ஓர் அண்ணை தன் முறை வந்தபோது சட்டைப்பையில் இருந்து ஒரு கசற்றை எடுத்தார். "கிழமைக்கணக்கா இதைத்தான் மனசுக்குள்ள கேட்டுக்கொண்டிருக்கிறன். போட்டுக் கேக்க மெசின் இல்லை" என்றார். எண்பதுகளின் தொடக்கத்தில் அவருடைய ஊர்க்கோயில் திருவிழாவில் அவருடைய தம்பி பதிவுசெய்த நாதஸ்வரக் கச்சேரி அது. தம்பி இப்போது இல்லை.

வீட்டுக்காரர் தூசி படிந்த ஒரு ரேப் ரெக்கோடரைத் தேடி எடுத்துவந்தார். நாதஸ்வரம் ஒலித்தது. பின்னால் கச்சான் விற்பவரின் குரலும் கேட்டது. தவில் தொடங்க முன்னர், மிக அருகில் ஓர் இளைஞனின் குரல்: "அண்ணை, மெல்லக் கதை, பதியுது." அண்ணை தலையைக் குனிந்துகொண்டார். ஒரு நிமிடம்கூடப் போகவில்லை. சத்தம் இழுபட்டு நின்றது. திறந்து பார்த்தால் நாடா உருளையில் சிக்கி அறுந்திருந்தது.

பிறகு அதை ஒட்டிவிட்டோம். ஆனால் கசங்கிய பகுதியில் தவில் இன்றும் மங்கலாகத்தான் கேட்கிறது. பிழை எங்களுடையது. அதே பிழையை நீங்களும் செய்யக்கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

ஒரே ஒரு பிரதி

பழைய திரைப்பாடல் கசற் அறுந்தால் பெரிய நட்டமில்லை. அந்தப் பாட்டு இணையத்தில் இருக்கும். எங்கள் வீடுகளில் கிடக்கும் மற்றக் கசற்றுகள் அப்படியல்ல. கோயில் திருவிழாக் கச்சேரி, கல்யாண வீட்டு மேளம், பாடசாலை நாடகம், ஊரில் இருந்து அம்மா பேசிப் பதிந்து அனுப்பிய "கடிதம்" ஆகியவற்றுக்கு உலகத்தில் வேறு பிரதி கிடையாது. 1981 இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தபோது ஒரே பிரதியாக இருந்த ஏடுகளை இழந்தவர்கள் நாங்கள். ஒற்றைப் பிரதி என்றால் என்னவென்று எங்களுக்குச் சொல்லித்தரத் தேவையில்லை.

இசையைப் பொறுத்தவரை இது இன்னும் முக்கியமானது. தவில் மேதை யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தி 1975 இல் மறைந்தார். அவரை நேரில் கேட்காத தலைமுறைகள் அவருடைய வாசிப்பை அறிவது ஒலிப்பதிவுகள் வழியாகத்தான். நாதஸ்வரமும் தவிலும் பெரும்பாலும் கோயில் வீதியிலும் கல்யாணப் பந்தலிலும் ஒலித்தவை, ஒலிப்பதிவுக் கூடத்தில் அல்ல. பந்தலின் ஓரத்தில் ரேப் ரெக்கோடரோடு குந்தியிருந்த ஏதோ ஒரு இளைஞன் பதியாவிட்டால், அந்த இரவின் வாசிப்பு அந்த இரவோடு போயிருக்கும்.

கசற்றுக்குள் என்ன இருக்கிறது

பிலிப்ஸ் நிறுவனம் 1963 இல் அறிமுகப்படுத்திய கசற்றுக்குள் இருப்பது நாலு மில்லிமீற்றருக்கும் சற்றுக் குறைந்த அகலமுள்ள ஒரு பிளாஸ்டிக் நாடா. அதன்மேல் பெரும்பாலும் இரும்பு ஒட்சைட்டுத் தூள் ஒருவகைப் பசையால் பூசப்பட்டிருக்கும். பதியும்போது ஒலியின் ஏற்ற இறக்கத்துக்கு ஏற்ப அந்தத் தூள் காந்தமாகிறது. ஒரு விநாடிக்கு 4.76 சென்ரிமீற்றர் நாடா ஓடும். 90 நிமிடக் கசற்றின் நாடா 60 நிமிடக் கசற்றினதை விட மெல்லியது. 120 நிமிட நாடா அதைவிட மெல்லியது, இலகுவில் சிக்கும்.

நல்ல இடத்தில் வைத்த நாடா நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகும் பாடும். ஈரத்தில் கிடந்ததில் பூஞ்சணம் பிடித்திருக்கும். நாடாவை அழுத்திப் பிடிக்கும் சிறு பஞ்சுத்துண்டின் பசை காய்ந்து கழன்றுவிடும். அப்போது சத்தம் அடைத்துக் கேட்கும். ஆனால் நாடாவைவிடக் கூடிய ஆபத்து பழைய இயந்திரத்தில்தான் இருக்கிறது. அதன் றப்பர் பட்டியும் உருளையும் காலப்போக்கில் இறுகிவிடும் அல்லது பிசுபிசுக்கத் தொடங்கும். அப்படி ஒட்டிய உருளைதான் எங்கள் கச்சேரியைத் தின்றது.

செய்யவேண்டியவை

முதலில் கசற்றின் மேல்விளிம்பில் இருக்கும் இரண்டு சிறிய பிளாஸ்டிக் காதுகளையும் உடைத்துவிடுங்கள். தவறுதலாகப் பதிவுப் பொத்தான் அமுங்கினாலும் அழியாது. அந்த இடத்தில் யாராவது ஒட்டுநாடா ஒட்டியிருந்தால் அதை உரித்துவிடுங்கள். நாடாவில் வெள்ளையாகப் பூஞ்சணம் தெரிந்தால் போடவேண்டாம். அதை இந்த வேலை தெரிந்தவரிடம் கொடுங்கள்.

அடுத்தது இயந்திரம். பராமரித்த ஒரு நல்ல டெக் இரவலாகக் கிடைத்தால் அதுவே சிறந்தது. கணினியில் செருகும் மலிவான சிறு கருவிகள் பலவற்றில் வேகம் சீராக இருப்பதில்லை. தலைப்பகுதியையும் உருளைகளையும் நன்றாகச் சுத்தம் செய்யுங்கள். உலோகப் பகுதிகளுக்கு ஐசோபுரோப்பைல் அற்ககோல் தோய்த்த பஞ்சு போதும். பிறகு போனாலும் பரவாயில்லை என்ற ஒரு கசற்றை முதலில் போட்டு முழுவதும் ஓடவிடுங்கள். அது சிக்காமல் ஓடினால் மட்டும் அருமையானதைப் போடுங்கள். நாங்கள் செய்யத் தவறியது இதைத்தான். பல ஆண்டுகள் அசையாமல் கிடந்த நாடாவை, கேட்க முன்னர் ஒரு தடவை கடைசிவரை ஓட்டித் திரும்பச் சுற்றிக்கொள்வது நல்லது.

டெக்கில் இருந்து வரும் வயரைக் கணினியின் ஒலி உள்ளீட்டில் செருகி, ஓடாசிற்றி போன்ற இலவச மென்பொருளில் பதியலாம். 'வேவ்' கோப்பாகச் சேமியுங்கள். சாதாரண சீடித் தரத்தில் ஒரு நிமிடத்துக்கு ஏறத்தாழ 10 மெகாபைட் பிடிக்கும். 90 நிமிடக் கசற் ஒரு ஜிகாபைட்டுக்குள் அடங்கும். அந்தக் கோப்பில் எந்தத் திருத்தமும் செய்யாமல் இரண்டு வேறு இடங்களில் வையுங்கள். இரைச்சல் குறைப்பது, எம்பி3 ஆக்கி உறவினருக்கு அனுப்புவது எல்லாம் அதன் பிரதியில்தான். இரைச்சலை முழுக்கத் துடைக்கப்போனால் நாதஸ்வரத்தின் கூர்மையும் அதோடு போய்விடும்.

சுருதி ஏன் மாறிக் கேட்கிறது

எங்கள் கசற்றுகளுக்கு ஒரு தனிப் பிரச்சினை உண்டு. 1990 இற்குப் பின் பல ஆண்டுகள் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இருக்கவில்லை. பற்றரி அப்போது தடைசெய்யப்பட்ட பொருளாக இருந்தது. சைக்கிளைக் கவிழ்த்துவைத்து, ஒருவர் மிதிக்க, டைனமோ மின்சாரத்தில் றேடியோவும் பாட்டும் கேட்டவர்கள் நாங்கள். மின்சாரம் குறைந்தபோது, அல்லது பற்றரி இறங்கியபோது பதிந்த நாடா, பதியும் வேளையில் மெதுவாக ஓடியிருக்கும். இன்று சரியான வேகத்தில் போட்டால் ஆட்கள் கீச்சுக்குரலில் அவசரமாகப் பேசுவார்கள், சுருதி ஏறிக் கேட்கும். நாடா பழுது என்று எறிந்துவிடாதீர்கள். மென்பொருளில் வேகத்தைக் குறைத்தால் குரலும் சுருதியும் சேர்ந்தே இறங்கி வரும். எவ்வளவு குறைப்பது என்பதை அந்தக் குரலைத் தெரிந்த ஒருவரின் காதுதான் சொல்லும்.

பெயரை எழுதுங்கள்

அந்தக் காது எவ்வளவு காலத்துக்கு எங்களோடு இருக்கும்? நாடா தாங்கினாலும், அதில் வாசிப்பவர் யார், எந்தக் கோயில், எந்த வருடம், இடையில் சிரிப்பது யார் என்று சொல்லக்கூடியவர்களுக்கு இப்போது எழுபது, எண்பது வயது. அவர்கள் போனபின் எங்களிடம் இருக்கப்போவது "நாதஸ்வரம், பக்கம் 1" என்ற கோப்பு மட்டும்தான். ஆகவே கணினியில் ஏற்றியதும் முதல் வேலையாகப் பெரியவர்களைப் பக்கத்தில் இருத்திக் கேளுங்கள். அவர்கள் சொல்வதை, சொல்லும் நிமிடக் கணக்கோடு எழுதிவையுங்கள். ஊரவர்களுக்குப் பொதுவான பதிவென்றால், குடும்பத்தின் சம்மதத்தோடு நூலகம் நிறுவனம் போன்ற ஆவணக் காப்பகத்துக்கும் ஒரு பிரதி கொடுக்கலாம். கசற்றை எறியவேண்டாம். வெயிலும் ஈரமும் படாத இடத்தில் நிமிர்த்தி வையுங்கள்.

அடுத்த சந்திப்பில் அண்ணையின் கச்சேரியைக் கடைசிவரை கேட்டோம். முடிந்ததும் சந்தோஷ் நாராயணன் கொண்டுவருகிற பிள்ளைகளில் ஒருத்தி, "மாமா, 'பதியுது' என்று சொன்னது ஆர்?" என்று கேட்டாள். அவர் தம்பியின் பெயரைச் சொன்னார். எழுத்துக்கூட்டிக் கேட்டு, கோப்பின் விவரத்தில் வாசித்தவர்களின் பெயர்களுக்குக் கீழே, "ஒலிப்பதிவு" என்று போட்டு அந்தப் பெயரையும் அவளே எழுதினாள்.