தட்பமும் வெப்பமும் ஒரே குமிழில்: பிக்கப் வண்டிக் கேபினைப் பற்றிச் சில விளக்கங்கள்

வெளியே அடிக்கும் வெயிலையும் குளிரையும் சேர்த்துச் சொல்ல மலையாளத்தில் 'காலாவஸ்த' என்பார்கள். காலத்தின் நிலை என்று பொருள். இங்கேயே பிறந்து படித்த நம் பிள்ளைகளுக்கு அந்தச் சொல்தான் முதலில் வாயில் வரும். தமிழில் நாம் சொல்வது தட்பவெப்பம். தட்பம் என்றால் குளிர்ச்சி, வெப்பம் என்றால் சூடு. இரண்டையும் சேர்த்துக் கட்டிய சொல் அது. நம் சரக்கு ஏற்றிப் போகும் பிக்கப் வண்டியின் டேஷ்போர்டில், ஒரு பக்கம் நீலமும் மறுபக்கம் சிவப்புமாக ஒரு குமிழ் இருக்கிறதல்லவா? அது செய்யும் வேலையும் அதுவேதான்.

ஆனால் பலரும் அதை வீட்டு ஏசி ரிமோட் போல நினைத்துக் கொள்கிறார்கள். ரிமோட்டில் 24 என்று வைத்தால், அறையின் சூட்டை அந்த எந்திரமே அளந்து பார்த்து நடந்து கொள்ளும். கையால் திருகும் குமிழுக்கு அந்த அறிவு கிடையாது. அதில் எண் ஏதும் இல்லாததற்குக் காரணமே அதுதான். அது அளப்பதில்லை, கலக்க மட்டுமே செய்கிறது. அளக்கும் பொறுப்பு டிரைவரின் உடம்புக்கு.

ஒரே பயணத்தில் மூன்று பருவம்

மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் சரக்கேற்றிக் கிளம்பும் வண்டி கோதமங்கலம், அடிமாலி, மூணாறு, பூப்பாறை, போடிமெட்டு வழியாகப் போடிநாயக்கனூர் போய்ச் சேர்கிறது என்று வைத்துக் கொள்வோம். கொச்சி–தனுஷ்கோடி தேசிய நெடுஞ்சாலை 85 என்பது இந்தச் சாலைதான். புறப்படும் இடம் கடல் மட்டம், கசகசவென்று வேர்க்கும். மூணாறு சுமார் 1,500 மீட்டர் உயரம், தை மாத விடியலில் கை விறைக்கும். போடிமெட்டு இறங்கியதும் தேனிச் சீமையின் வறண்ட வெயில். ஒரே நாளில் தட்பமும் வெப்பமும் இரண்டும் வேண்டியிருக்கிறது.

சூடும் குளிரும் வரும் வழி

எஞ்சினைக் குளிர்விக்க ஓடும் கூலன்ட் நீர், எஞ்சின் நன்றாகச் சூடானபின் ஏறத்தாழ 80 முதல் 95 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும். அதில் ஒரு பங்கு டேஷ்போர்டுக்குள் இருக்கும் சின்ன ரேடியேட்டர் ஒன்றின் வழியே சுற்றி வருகிறது. அதுவே ஹீட்டர். இது வீணாகப் போகும் சூட்டைப் பயன்படுத்துவது, தனியாக டீசல் செலவு கிடையாது. எஞ்சின் சூடாகாத வரை ஹீட்டரும் சூடு தராது.

குளிர்ச்சி அப்படியல்ல. 'ஏசி' பொத்தானை அமுக்கினால் எஞ்சின் பெல்ட்டிலிருந்து கம்ப்ரஸருக்கு விசை போகிறது. அழுத்தப்பட்ட வாயு முன்பக்கம் கண்டென்ஸரில் தன் சூட்டை இறக்கி வைத்துவிட்டு, டேஷ்போர்டுக்குள் உள்ள கூலிங் காயிலில் விரிந்து குளிர்கிறது. இதற்கு டீசல் செலவாகும். 1940ஆம் ஆண்டு பேக்கார்ட் கார்களில் முதன்முதலாக ஏசி வந்தபோது, விசையைத் துண்டிக்கும் கிளட்ச் அதில் இல்லை. குளிர் வேண்டாமென்றால் வண்டியை நிறுத்தி, பானட்டைத் திறந்து, பெல்ட்டையே கழற்ற வேண்டும்! சூட்டைத் தானே அளந்து நடக்கும் ஏற்பாடு 1964 மாடல் காடிலாக்கில்தான் வந்தது.

குமிழ் செய்யும் வேலை

விசிறி தள்ளும் காற்று முதலில் கூலிங் காயிலைக் கடக்கிறது. அடுத்து ஒரு தகட்டுக் கதவு. குமிழைத் திருகினால் அதனோடு இணைந்த கம்பி இந்தக் கதவை அசைக்கிறது. நீலக் கோடியில் கதவு ஹீட்டரின் வழியை முழுக்க அடைத்துவிடும். சிவப்புக் கோடியில் காற்று முழுவதும் ஹீட்டர் வழியே போகும். நடுவில் வைத்தால் பாதி இப்படி, பாதி அப்படி. குளிக்கும்போது வெந்நீரும் பச்சைத் தண்ணீரும் விளாவுகிறோமே, அதே கதைதான்.

இதிலிருந்து தெரிவது ஒன்று. ஏசி ஓடும்போது குளிர் அதிகமென்று குமிழைச் சிவப்புப் பக்கம் கொஞ்சம் நகர்த்தினால் டீசல் மிச்சமாகாது. கம்ப்ரஸர் ஓடிக்கொண்டேதான் இருக்கும். மிச்சம் பிடிக்க ஏசி பொத்தானைத்தான் அணைக்க வேண்டும்.

ஹீட்டர் இல்லாமல் ஏசி மட்டும் பொருத்திய வண்டிகளும் உண்டு. அவற்றில் குமிழ் ஒரு தெர்மோஸ்டாட்டோடு சேர்ந்திருக்கும். கூலிங் காயில் இவ்வளவு குளிர்ந்ததும் கம்ப்ரஸரை நிறுத்து என்று அது சொல்லும். இந்த வகையில் குறைத்து வைத்தால் டீசல் மிச்சமாவது உண்மை. உங்கள் வண்டி எந்த வகை என்று அறிய, எஞ்சின் சூடானபின் ஏசியை அணைத்துக் குமிழைச் சிவப்புக் கோடிக்குத் திருகுங்கள். சூடான காற்று வந்தால் முதல் வகை.

மற்ற மூன்றும் எளியவை. விசிறிக் குமிழ் காற்றின் அளவைக் கூட்டும், குறைக்கும். பல வண்டிகளில் இது ரெசிஸ்டர் மூலம் நடக்கிறது. கடைசி வேகத்துக்கு மட்டும் ரெசிஸ்டர் தேவையில்லை. ஆகவே மற்ற வேகங்கள் போய்க் கடைசி வேகம் மட்டும் வேலை செய்தால், மோட்டார் நல்லாத்தான் இருக்கு, ரெசிஸ்டரைப் பாருங்கள். அடுத்த குமிழ் காற்று முகத்துக்கா, காலுக்கா, கண்ணாடிக்கா என்பதைத் தீர்மானிக்கும். மூன்றாவது, வெளிக்காற்றா உள்காற்றா என்று மாற்றும் தள்ளுகோல்.

உயிர் காக்கும் இரண்டு செய்திகள்

முதலாவது கண்ணாடி. மலையில் மழை பெய்யும்போது மூச்சின் ஈரம் குளிர்ந்த கண்ணாடியில் உள்பக்கமாகப் படிந்து வழியை மறைக்கும். துணியால் துடைத்தால் மறு நிமிஷம் திரும்ப வரும். தள்ளுகோலை வெளிக்காற்றுக்கு மாற்றி, ஏசியைப் போட்டு, குமிழைச் சிவப்புப் பக்கம் வைத்து, காற்றைக் கண்ணாடிக்குத் திருப்ப வேண்டும். குளிரும்போது ஏசி எதற்கு என்று கேட்கலாம். கூலிங் காயில் காற்றிலுள்ள ஈரத்தைத் தண்ணீராக்கி வெளியே சொட்ட விடுகிறது. அப்படி உலர்ந்த காற்றை ஹீட்டர் சூடாக்கினால் கண்ணாடி தெளிந்துவிடும். இதற்கு மாறாக, கொச்சியின் மழை இரவில் ஏசியால் கண்ணாடி குளிர்ந்து வெளிப்பக்கம் மங்குவதும் உண்டு. வைப்பர் போட்டால் போகும். கண்ணாடிக்கு அடிக்கும் குளிர்காற்றையும் விலக்க வேண்டும்.

இரண்டாவது தூக்கம். உள்காற்றிலேயே வைத்து மூன்று பேர் மணிக்கணக்கில் போனால், விட்ட மூச்சையே திரும்ப இழுக்கிறார்கள். கரியமில வாயு கூடித் தலை கனக்கும், கண் சொக்கும். இரவுப் பயணத்தில் அடிக்கடி வெளிக்காற்றுக்கு மாற்றுவது நல்லது. வண்டியை நிறுத்தி, எஞ்சினை ஓடவிட்டு, கண்ணாடியை ஏற்றிக்கொண்டு தூங்குவது மட்டும் கூடவே கூடாது. 2024 டிசம்பரில் வடகரையில் சாலையோரம் நின்ற கேரவனுக்குள் இருவர் இறந்து கிடந்தார்கள். ஏசிக்காக ஓடிய ஜெனரேட்டரின் கார்பன் மோனாக்சைடு உள்ளே புகுந்ததே காரணம். அதற்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை.

சட்டம் சொல்வதும் நாம் செய்வதும்

2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் என்–2, என்–3 வகைச் சரக்கு வண்டிகளின் கேபினில் ஏசி கட்டாயம் என்று மத்திய அரசு விதி செய்துள்ளது. இவை மொத்த எடை 3.5 டன்னுக்கு மேற்பட்டவை. அதற்குட்பட்ட பிக்கப்புகள் இந்த விதியில் வரவில்லை. ஆகவே அங்கே முடிவு சட்டத்தின் கையில் இல்லை, வண்டி வாங்கும் நம் போன்ற வியாபாரிகளின் கையில்தான் இருக்கிறது. 'லோடு வண்டிக்கு ஏசி எதுக்குங்க?' என்று கேட்பவர் நம்மில் உண்டு.

சமண நூல்கள் துறவியர் பொறுத்துக்கொள்ள வேண்டிய இடர்களாக 22 பரீஷகங்களை அடுக்கும். பசி, தாகம், அவற்றை அடுத்துக் குளிர், வெப்பம். அவை துறவு பூண்டவர் தாமே விரும்பி ஏற்பவை. கூலிக்கு ஸ்டியரிங் பிடிக்கும் இல்லறத்தான் தலையில் நாம் ஏற்றி வைப்பது எந்த அறத்திலும் சேராது. அந்தக் கேபினில் சூட்டை அளக்கும் கருவி அவன் உடம்பு ஒன்றுதான் என்று பார்த்தோம். வெயிலில் வாடி, தூக்கம் கெட்டு அந்தக் கருவி பழுதானால், சரக்கும் வராது, அவனும் வீடு சேரமாட்டான். அடுத்த வண்டி எடுக்கும்போது ஏசியும் ஹீட்டரும் உள்ளதாகக் கேட்டு வாங்குங்கள். வாங்கியபின் டிரைவர் தம்பியைப் பக்கத்தில் உட்கார வைத்து, நாலு குமிழையும் திருகிக் காட்டிக் கொடுங்கள். கால்மணி நேரம் போதும்.