வீட்டுக்காரரிடம் எப்படிக் கேட்பது?



கல்யாணம் முடிந்து தனிக்குடித்தனம் போகிற எல்லோருக்கும் சொந்த வீடு அமைந்துவிடுவதில்லை. மில் வேலை, கட்டட வேலை, பிள்ளைகள் படிப்பு என்று ஏதோ ஒரு காரணத்துக்காகப் பக்கத்து ஊரிலோ டவுனிலோ வாடகை வீடு பிடிக்கிறோம். வாடகை கட்டுபடியாகுமா, தண்ணீர் வருமா என்று விசாரிக்கிறோம். சுவர் உறுதியா, கரண்ட் ஒயர் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பதில்லை. பிறகு குறை தெரிந்தாலும் வாய் திறப்பதில்லை.

"கேட்டா காலி பண்ணுன்னு சொல்லிடுவாரு." வீடு வீடாகப் போகும்போது நான் அடிக்கடி கேட்கிற பேச்சு இது. அந்தப் பயம் பொய்யல்ல. ஆனால் பயத்துக்காகச் சும்மா இருந்தால், பறிபோவது குடும்பத்தில் ஓர் உயிராக இருக்கலாம். ஆகவே எதைக் கேட்பது, எப்படிக் கேட்பது என்று பார்ப்போம்.

நான் கண்ட ஒரு வீடு

ஏழு மாதக் கர்ப்பிணி ஒருவரைப் பார்க்கப் போயிருந்தேன். விளக்குமாற்றுக் குச்சியால் சுவிட்சைத் தட்டி விளக்கைப் போட்டார். ஏனம்மா என்றேன். "சுவரைத் தொட்டா சுர்ருனு இழுக்குது சார். மழை பேஞ்சா ரொம்ப இழுக்கும்" என்றார்.

"வீட்டுக்காரர்கிட்டே சொல்லலையா?"

"இவரு சொல்லியிருப்பாருன்னு இருந்தேன்" என்றார் மனைவி. "வாடகை குடுக்கப் போறது அவதானே, அவ சொல்லியிருப்பான்னு நெனைச்சேன்" என்றார் கணவர். இப்படியே எட்டு மாதம் ஓடியிருக்கிறது!

அன்று சாயங்காலமே இருவரும் சேர்ந்து போய்ச் சொன்னார்கள். வீட்டுக்காரருக்கு அதுவரை விஷயமே தெரியாது. எலெக்ட்ரீஷியன் வந்து பார்த்தார். மொட்டைமாடியிலிருந்து இறங்கும் ஒயர் குழாய்க்குள் மழைத் தண்ணீர் இறங்கியிருந்தது. இரண்டே நாளில் வேலை முடிந்தது. எல்லா வீட்டுக்காரரும் இப்படி இருப்பார்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் சொன்னால்தானே தெரியும்?

இவற்றை இன்றே பாருங்கள்

1. சுவரும் கூரையும்: சுவரில் விரல் நுழையும் வெடிப்பு, வெளிப்பக்கம் புடைத்த சுவர், காரை பெயர்ந்து துருப்பிடித்த கம்பி தெரியும் தளம், உளுத்துப்போன விட்டம் ஆகியவை ஆபத்தின் அடையாளம். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் ஊறிய சுவர் திடீரென்று சாயும். 2019 டிசம்பர் 2 அன்று அதிகாலை, மேட்டுப்பாளையம் நடூரில் மழையில் ஊறிய சுற்றுச்சுவர் ஒன்று அருகிலிருந்த வீடுகள் மேல் விழுந்து 17 பேர் இறந்துபோனார்கள். ஆகவே பக்கத்து மனைச் சுவரையும் சேர்த்துப் பாருங்கள்.

2. மின்சாரம்: ஷாக் அடிக்கும் சுவர், தோல் உரிந்த ஒயர், எர்த் இல்லாத இணைப்பு ஆகியவற்றை ஒருநாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது. கரண்ட் கசிந்தால் தானாகவே அணைந்துவிடும் ஆர்.சி.டி. கருவி (30 மில்லி ஆம்பியர்) வீட்டில் இருக்கிறதா என்று கேளுங்கள். துணி காயப்போட இரும்புக் கம்பி வேண்டாம். நைலான் கயிறு கட்டுங்கள்.

3. தண்ணீர்த் தொட்டி: மூடியில்லாத சம்ப், தவழும் குழந்தைக்கு எமன். டெங்கு கொசுவும் அதில்தான் முட்டையிடும். முட்டை கொசுவாகிப் பறக்க ஒரு வாரம், பத்து நாள் போதும்.

4. கழிப்பறை: உடைந்த செப்டிக் டேங்க் மூடி, கிணற்றுக்குப் பக்கத்திலேயே மலக்குழி, தாழ்ப்பாள் இல்லாத கதவு ஆகியவற்றைக் கவனியுங்கள். கர்ப்பிணி இருட்டில் வெளியே போக நேர்வதும், போகாமல் அடக்கி வைப்பதும் இரண்டுமே கெடுதல்.

5. ஓதமும் புகையும்: பூஞ்சை பிடித்த சுவரால் பிள்ளைகளுக்கு இருமலும் இழுப்பும் அதிகமாகும். ஜன்னல் இல்லாத அறையில் விறகடுப்புப் புகை தாய்க்கும் வயிற்றுப் பிள்ளைக்கும் ஆகாது.

6. படியும் மாடியும்: கைப்பிடி இல்லாத படி, கைப்பிடிச் சுவர் இல்லாத மொட்டைமாடி.

யார் செலவு?

சண்டை பெரும்பாலும் இங்கேதான் வருகிறது. தமிழ்நாட்டில் வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகளுக்கான 2017ஆம் ஆண்டுச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் உள்ளது. இது மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி போன்ற நகர்ப்புறங்களுக்கானது. இதன்படி சுவர், கூரை போன்ற கட்டட வேலை, வெள்ளையடித்தல், தண்ணீர்க் குழாய் மாற்றுதல், ஒயரிங் ஆகியவை வீட்டுக்காரர் பொறுப்பு. குழாய்த் திருகு, சுவிட்ச், பிளக் பாயிண்ட், பூட்டு, சாக்கடை அடைப்பு போன்ற சில்லறை வேலைகள் நம் பொறுப்பு. நாம் உடைத்ததை நாம்தான் சரிசெய்ய வேண்டும். ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதியிருந்தால் அதையும் படித்துப் பாருங்கள்.

நம் பங்கை நாம் ஒழுங்காகச் செய்திருந்தால், அவர் பங்கைக் கேட்க நமக்குத் தைரியம் வரும்.

கேட்கும் முறை

• முதலில் கணவனும் மனைவியும் உட்கார்ந்து பேசுங்கள். எது முதலில், எது பிறகு என்று முடிவு செய்யுங்கள். பத்துக் குறையை ஒரே மூச்சில் கொட்டாதீர்கள். உயிருக்கு ஆபத்தானதை முதலில் சொல்லுங்கள்.

• வாடகை பாக்கி வைத்துக்கொண்டு கேட்காதீர்கள். வாடகை கொடுத்ததற்கு ரசீதோ வேறு அத்தாட்சியோ இருக்கட்டும்.

• இருவரும் சேர்ந்தே போங்கள். "அண்ணே, ஒரு தடவை வந்து உங்க கண்ணாலே பாத்துட்டுப் போங்க" என்று கூப்பிடுங்கள். நேரில் பார்த்தவர் மறுப்பது கஷ்டம்.

• பிறகு எழுத்திலும் கொடுங்கள். பெரிய கடிதம் வேண்டாம். இது போதும்:

"ஐயா, தங்கள் வீட்டில் குடியிருக்கிறோம். சமையலறைச் சுவரில் ஷாக் அடிக்கிறது. வீட்டில் கைக்குழந்தை உள்ளது. இந்த வாரத்துக்குள் எலெக்ட்ரீஷியனை அனுப்பிச் சரிசெய்து தருமாறு கேட்டுக்கொள்கிறோம்."

தேதி போட்டு இருவரும் கையெழுத்திடுங்கள். ஒரு நகலும் போட்டோவும் உங்களிடம் இருக்கட்டும்.

மறுத்தால் என்ன செய்வது?

நகர்ப்புறம் என்றால், மேற்படி சட்டப்படி வாடகை அதிகாரி இருக்கிறார்; அவர் துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாதவர். எழுதிக் கேட்டும் வீட்டுக்காரர் தன் பங்கு வேலையைச் செய்யாவிட்டால், நாமே செய்துகொண்டு செலவை வாடகையில் கழிக்கலாம். ஆனால் எந்த மாதமும் வாடகையில் பாதிக்கு மேல் கழிக்கக் கூடாது. தண்ணீரையோ கரண்டையோ நிறுத்தி விரட்டப் பார்த்தால் வாடகை அதிகாரியிடம் புகார் செய்யலாம்.

ஒன்றை மறக்க வேண்டாம். எழுத்து ஒப்பந்தம் இல்லாமல் வாய்ப்பேச்சில் குடியிருந்தால் நம் பக்கம் பலம் குறைவு. குடியேறும் முன்பே ஒப்பந்தம் எழுதிப் பதிவு செய்துகொள்ளுங்கள்.

கிராம ஊராட்சியில் இருப்பவர்கள் ஊராட்சி மன்றத் தலைவரிடம் சொல்லுங்கள். சாக்கடை, கழிப்பறை, கொசு உற்பத்தி போன்ற சுகாதாரக் கேடு என்றால் சுகாதார ஆய்வாளரிடமும் கிராம சுகாதார செவிலியரிடமும் சொல்லுங்கள். 1939ஆம் ஆண்டுப் பொதுச் சுகாதாரச் சட்டப்படி, கேட்டை நீக்கச் சொல்லி இடத்தின் சொந்தக்காரருக்கு நோட்டீஸ் கொடுக்க வழி உண்டு. தீராவிட்டால், ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளில் மனுக் கொடுக்கலாம்.

அதுவரை சும்மா இருக்காதீர்கள்

வெடித்த சுவர் ஓரமாகப் பாயை விரிக்காதீர்கள். ஷாக் அடித்தால் மெயினை அணைத்துவிட்டு ஆள் வந்து பார்க்கும் வரை காத்திருங்கள். குச்சியால் தட்டிச் சமாளிக்க வேண்டாம். சம்ப் மேல் கனமான பலகையைப் போட்டுக் குழந்தை நகர்த்த முடியாதபடி வையுங்கள். அடைமழையில் சுவரோ கூரையோ ஆட்டம் கண்டால், வீட்டுக்காரர் பதிலுக்குக் காத்திராமல் உடனே வெளியேறி உறவினர் வீட்டுக்கோ பள்ளிக்கூடத்துக்கோ போய்விடுங்கள். சாமானை அப்புறம் எடுத்துக்கொள்ளலாம்.

தம்பதிகளே! பிள்ளைக்குத் தடுப்பூசி போடுகிறோம். கர்ப்பிணிக்குச் சத்துணவு கொடுக்கிறோம். அவர்கள் படுத்து உறங்கும் கூரையும் அவ்வளவு முக்கியம். இன்று ராத்திரி சாப்பாடு முடிந்ததும் டார்ச் லைட்டோடு இருவரும் வீட்டை ஒரு சுற்றுச் சுற்றிப் பாருங்கள். "நீ சொல்லியிருப்பே" என்று இருவரும் இருந்துவிடாதீர்கள்.

வாடகை வீடானாலும் வாழ்வது நாம். பணிவாய்க் கேட்போம், சேர்ந்து கேட்போம், எழுதிக் கேட்போம்!