வெயில் பார்த்துப் போனால் தாய்லாந்து மலிவு

"டீச்சர், பேங்காக் போலாம்னு இருக்கோம். எவ்வளவு ஆகும்?"

பழைய மாணவர்கள் போனில் கேட்கும் முதல் கேள்வி இதுதான். பல வருடம் புவியியல் நடத்திய வாய் சும்மா இருக்குமா? "எந்த மாசம் போறீங்க? காலையில எத்தனை மணிக்கு எழுந்திரிப்பீங்க?" என்று நான் திருப்பிக் கேட்பேன். மறுமுனையில் சிரிப்பார்கள். நான் சிரிப்புக்குக் கேட்கவில்லை.

பாங்காக்கும் சென்னையும் ஏறக்குறைய ஒரே அட்சரேகையில் இருக்கின்றன. இரண்டுமே 13 டிகிரி வடக்கைச் சற்றே தாண்டியவை. "நம்ம ஊர் வெயில்தானே, பழகினதுதான்" என்று நம்மவர்கள் தைரியமாகக் கிளம்புவதற்கு அதுதான் காரணம். ஆனால் நம் ஊரில் உச்சிவெயிலில் யார் நடக்கிறார்கள்? மத்தியானம் கோயில் நடையே சாத்திவிடுகிறார்கள். வெளியூர் போனால் மட்டும் முதுகில் ஒரு மூட்டை, காலில் இறுக்கமான ஷூ, பன்னிரண்டு மணிக்கு அரண்மனை வாசல். ஒரு மணிக்குள் ஆள் துவண்டுவிடுவார். அப்புறம் துக்துக் ஓட்டுபவர் கேட்டதைக் கொடுப்பார், ஏசிக்காக மாலுக்குள் நுழைந்து வேண்டாத காபி குடிப்பார், இரண்டு நிறுத்தம் தள்ளியிருக்கும் அறைக்கு டாக்சி பிடிப்பார். வெப்ப நாட்டில் கைக்காசு கரைவது பெரும்பாலும் இந்தச் சோர்வில்தான்.

முதலில் மாதம். நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை வானிலை சுகம். ஆனால் டிசம்பர், ஜனவரியில் அறை வாடகை ஏறிவிடும். மார்ச் முதல் மே வரை கொளுத்தும். ஏப்ரல் 13 முதல் 15 வரை சொங்க்ரான், அவர்களுடைய புத்தாண்டு. நம் சித்திரைப் பிறப்பும் அதே நாட்களில்தான். தெருவெல்லாம் தண்ணீர் அடித்துக் கொண்டாடுவார்கள், பார்க்க ஆனந்தம். ரயிலில் மட்டும் இடம் கிடைக்காது. மே முதல் அக்டோபர் வரை தென்மேற்குப் பருவமழை. அந்த மாதங்களில் அந்தமான் கடல் பக்கம் உள்ள புக்கெட், கிராபியில் கடல் கொந்தளிக்கும். சிமிலான் தீவுகளை மே நடுவிலிருந்து அக்டோபர் நடுவரை மூடியே வைப்பார்கள். எதிர்ப்பக்கம், வளைகுடாவில் உள்ள சாமுய் தீவுக்குப் பெருமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை, நமக்கு வடகிழக்குப் பருவமழை கொட்டும் அதே சமயத்தில். ஆக, ஜூலையில் கடல் பார்க்க வேண்டுமானால் சாமுய், ஜனவரியில் என்றால் கிராபி. இந்த ஒரு வரி தெரியாமல் அறைக்கு முன்பணம் கட்டிவிட்டு ஜன்னல் வழியாக மழையை வேடிக்கை பார்த்தவர்களை எனக்குத் தெரியும்.

விசா விதி இந்தியர்களுக்கு அவ்வப்போது மாறுகிறது. டிக்கெட் எடுக்கும் வாரத்தில் தாய்லாந்துத் தூதரகத்தின் இணையதளத்தைப் பாருங்கள், பக்கத்து வீட்டுக்காரர் போன வருடம் போய்வந்த கதையைக் கேட்காதீர்கள். 2025 மே முதல் மின்னணு வருகை அட்டை கட்டாயம். போய் இறங்குவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் அதை இணையத்தில் நிரப்ப வேண்டும். அது இலவசம். அதற்குக் கட்டணம் கேட்கிற தளம் எதுவானாலும் அரசுத் தளம் இல்லை, மூடிவிடுங்கள். திரும்பி வரும் டிக்கெட், தங்கும் இடத்தின் முகவரி இரண்டையும் காகிதத்தில் அச்சடித்துக் கையில் வையுங்கள்.

பணக் கணக்கு எளிது. ஒரு பாட் மூன்று ரூபாய் என்று மனதில் வையுங்கள். கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் பெருக்கச் சுலபம். அங்கே ஏடிஎம்மில் நம் அட்டையைப் போட்டால் ஒவ்வொரு தடவைக்கும் 200 பாட்டுக்கு மேல் கட்டணம் பிடிப்பார்கள், ஆயிரம் எடுத்தாலும் பத்தாயிரம் எடுத்தாலும் அதேதான். எனவே சில்லறை சில்லறையாக எடுக்காதீர்கள். கடைசியில் திரையில் ஒரு கேள்வி வரும்: இந்திய ரூபாயில் மாற்றிக் கணக்கிடட்டுமா என்று. ரூபாய் என்றதும் நமக்கு ஒரு பாசம் வந்து 'சரி'யை அமுக்கிவிடுவோம். அமுக்கக் கூடாது. பாட்டிலேயே பிடிக்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் அவர்கள் வைத்ததுதான் மாற்று விகிதம். டாலர் கொண்டுபோகிறவர்கள் மடிப்பு விழாத நூறு டாலர் நோட்டாக வாங்கிப் போங்கள். சின்ன நோட்டுக்கும் கசங்கிய நோட்டுக்கும் மாற்றுக் கடையில் விலை குறைவு.

அவர்கள் கடிகாரம் நம்மைவிட ஒன்றரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. அங்கே காலை ஆறு மணி என்றால் உங்கள் உடம்புக்கு நாலரை. நள்ளிரவு விமானத்தில் போய் விடியலில் இறங்குகிறவருக்கு அறையோ பிற்பகல் இரண்டு மணிக்குத்தான் கிடைக்கும். முதல் நாள் செலவு எகிறுவது இந்த இடைவெளியில். பையை விடுதி வரவேற்பில் வைத்துவிட்டுப் போக அனுமதிப்பார்கள், பெரும்பாலும் காசு கேட்க மாட்டார்கள். சுவர்ணபூமி விமான நிலையத்தின் அடித்தளத்திலிருந்தே நகருக்கு ரயில் உண்டு. பாயா தாய் வரை சுமார் அரை மணி நேரம், 45 பாட். வெளியே டாக்சி வரிசையில் நிற்கும்முன் அந்தப் படியில் இறங்குங்கள்.

காலை ஆறிலிருந்து பத்து வரை நடந்து பார்க்க வேண்டியதை எல்லாம் முடித்துவிடுங்கள். பூ மார்க்கெட், பிட்சை ஏற்று வரும் பிக்குகள், ஆற்றங்கரை. பெண்கள் பிக்குகளைத் தொடக் கூடாது, கையில் நேராக எதையும் கொடுக்கவும் கூடாது. அரண்மனை எட்டரைக்குத் திறக்கும். வெளிநாட்டவருக்கு நுழைவு 500 பாட். தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும். வாசலுக்குக் கொஞ்சம் முன்னால் இஸ்திரி போட்ட சட்டையில் ஒருவர் மரியாதையாக, "இன்று அரண்மனை மூடியிருக்கிறது, வேறு கோயில் காட்டுகிறேன், இருபது பாட் போதும்" என்பார். அவர் காட்டுவது நகைக்கல் கடை. பதில் சொல்லாமல் நடந்து வாசல் வரைக்கும் போய்ப் பாருங்கள்.

உச்சிவெயிலுக்குப் படகு. பாங்காக்கில் எனக்குப் பிடித்தது சேன் சேப் கால்வாய்ப் படகுதான். சுற்றுலாவுக்கு ஓடுவதல்ல, அலுவலகம் போகிறவர்கள் ஏறுவது. துறைக்கு வந்தால் முழுதாக நிற்காது. ஓரம் உரசும் நேரத்தில் கயிற்றைப் பிடித்து ஏற வேண்டும். ஹெல்மெட் போட்ட கண்டக்டர் படகின் வெளிவிளிம்பில், உள்ளங்கை அகலப் பலகையில் கால் வைத்து, கைநீட்டிக் காசு வாங்கிக்கொண்டே நகர்வார். தாழ்ந்த பாலம் வரும்போது அவர் தலையும் கூரையும் சேர்ந்து குனியும். எதிரே இன்னொரு படகு வந்தால் ஓரத்தில் உட்கார்ந்திருப்பவர் கயிற்றை இழுப்பார், தார்ப்பாய் ஏறும், கறுப்புத் தண்ணீர் அதில் அறைந்து வழியும். ஓர இருக்கையில் உட்கார்ந்தால் கயிறு இழுப்பது உங்கள் வேலை. செய்யாவிட்டால் பின்னால் இருக்கும் அம்மா உரிமையோடு முதுகில் தட்டுவார். இருபது பாட் சொச்சத்தில் இந்த ஊரைக் காட்ட வேறு வாகனம் இல்லை. துக்துக் ஒரு தடவை போட்டோவுக்காக ஏறலாம், அவ்வளவுதான். டாக்சி என்றால் மீட்டர் போடச் சொல்லுங்கள். தொடக்கக் கட்டணம் 35 பாட்.

மத்தியானம் இரண்டு மணி நேரம் தூங்குங்கள். காசு கொடுத்து வந்து தூங்குவதா என்று வீட்டுக்காரர் முணுமுணுப்பார். முணுமுணுக்கட்டும். தூங்கி எழுந்தவருக்குத்தான் ராத்திரிச் சந்தை.

சாப்பாடு சைவர்களுக்குச் சிக்கல், மறைக்க மாட்டேன். காய்கறிப் பொரியலிலும் மீன் சாறு ஊற்றுவார்கள், பப்பாளிக்காய்ச் சாலட்டில் காய்ந்த இறால் போடுவார்கள். 'வெஜிடேரியன்' என்றால் சிரித்துக்கொண்டே அதையே கொடுப்பார்கள், அவர்கள் கணக்கில் அது காய்கறிதானே. மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்து, பார்க்க 17 என்ற எண் மாதிரி இருக்கும். அந்தக் கொடி தொங்கும் கடையில் இறைச்சி, மீன், முட்டை எதுவும் இல்லை. வெங்காயமும் பூண்டும்கூட இல்லை. குழாய்த் தண்ணீர் குடிக்க வேண்டாம். தெருமுனைகளில் தண்ணீர் இயந்திரம் நிற்கும், ஒரு பாட் நாணயத்துக்கு ஏறக்குறைய ஒரு லிட்டர் பிடிக்கலாம். காலி பாட்டில் எடுத்துப் போங்கள். ஓஆர்எஸ் பொட்டலமும் கொசுக்களிம்பும் பையில் இருக்கட்டும். டெங்கு அங்கேயும் உண்டு.

ரயில்தான் மலிவிலும் மலிவு. ஆயுத்தயாவுக்கு மூன்றாம் வகுப்பில் சில பத்து பாட் கூட ஆகாது. ஜன்னல் திறந்திருக்கும், விசிறி சுற்றும், சோறு விற்கிறவர்கள் ஏறி இறங்குவார்கள். சியாங் மாய்க்குப் படுக்கை வண்டியில் போனால் ஓர் இரவு அறை வாடகை மிச்சம். 2023 ஜனவரியிலிருந்து நெடுந்தூர வண்டிகள் க்ருங் தேப் அபிவத் என்ற புது நிலையத்திலிருந்து கிளம்புகின்றன, பழைய ஹுவா லம்போங்குக்குப் போய் நின்று விழிக்காதீர்கள்.

ஒரு வண்டியை மட்டும் விடாதீர்கள். தோன்புரி நிலையத்திலிருந்து காலை எட்டுக்கு முன்பே கிளம்பி காஞ்சனபுரி வழியாக நாம் தோக் போவது. வெளிநாட்டவருக்கு 100 பாட். அது சயாம் மரண ரயில் பாதை. 1942-43இல் ஜப்பானிய ராணுவம் போர்க்கைதிகளையும் தோட்டத் தொழிலாளர்களையும் வைத்து 415 கிலோமீட்டர் போட்டது. மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட நம் தமிழர்கள் அதில் எத்தனையோ பேர் திரும்பவில்லை. காஞ்சனபுரியில் போர்க்கைதிகளின் கல்லறைகள் வரிசை வரிசையாக, பெயரும் வயதும் பொறித்து, புல் வெட்டி அழகாக இருக்கின்றன. அந்த வரிசைகளில் நம்மவர் பெயரைத் தேட வேண்டாம். அது நேச நாட்டுக் கைதிகளின் இடம். மரப்பாலத்தில் வண்டி ஊர்ந்து போகும்போது எல்லாரும் செல்பி எடுப்பார்கள். எடுங்கள், ஆனால் இதைத் தெரிந்துகொண்டு எடுங்கள்.

ஸ்கூட்டர் வாடகைக்கு எடுக்கும் ஆசை வரும். இருசக்கர வாகனத்துக்கான சர்வதேச ஓட்டுநர் அனுமதி இல்லாவிட்டால் விபத்தில் பயணக் காப்பீடு கைவிரித்துவிடும். பாஸ்போர்ட்டை அடமானமாகக் கேட்டால் வேறு கடை பாருங்கள். மின்சிகரெட் அங்கே தடை. மன்னரைப் பற்றிய கேலி சிறைத்தண்டனைக் குற்றம். சுற்றுலாப் போலீஸ் எண் 1155, ஆங்கிலத்தில் பேசுவார்கள்.

பத்து நாளில் பாங்காக், பட்டாயா, புக்கெட், கிராபி, சியாங் மாய் என்று பட்டியல் நீட்டுகிறவர்களிடம் நான் பாதியை அடித்துவிடச் சொல்கிறேன். ஊருக்கு ஊர் தாவுவதில்தான் காசும் உடம்பும் போகின்றன. முதல் தடவைக்கு பாங்காக், ஆயுத்தயா, காஞ்சனபுரி போதும். கடலை அடுத்த முறை வைத்துக்கொள்ளுங்கள்.