வேறு மாநிலத்தில் வீடு வாங்குறீங்களா? சொத்து வரிக் கணக்கு இப்படித்தான் மாறும்

சென்னையிலிருந்து மும்பைக்கோ பெங்களூருவுக்கோ வேலை மாறுகிறது; அங்கேயே வீடு வாங்கலாம் என்று ஒரு எண்ணம். ஈ.எம்.ஐ. கணக்கு போட்டாச்சு. சொத்து வரி?

நிலம், கட்டடங்கள் மீதான வரி அரசமைப்பின் மாநிலப் பட்டியலில் வருகிறது. அதனால் ஊருக்கு ஊர் கணக்கு வேறு.

சென்னை: வீட்டுக்கு ஆண்டுக்கு எவ்வளவு வாடகை கிடைக்கும் என்ற மதிப்பீடுதான் அடிப்படை.

மும்பை: 2010 முதல் வீட்டின் மூலதன மதிப்பு. 500 சதுர அடி வரையிலான வீடுகளுக்கு 2022 முதல் வரி இல்லை.

பெங்களூரு: குடியிருப்பதற்கும் வாடகைக்கும் வேறு வேறு விகிதம். நீங்களே குடியிருந்தால் குறைவு, வாடகைக்கு விட்டால் அதிகம்.

கவனிக்க வேண்டியது இதைத்தான். மூன்று வருஷத்தில் மறுபடியும் ஊர் மாறி, பெங்களூரு வீட்டை வாடகைக்கு விட்டால் வரி விகிதம் இரட்டிப்பாகும். ஏரியாவின் மதிப்பீடு உயர்ந்தால், வீட்டை விற்காமலே வரி கூடலாம்.

அதனால் விலை பேசும் முன்பே கடைசி வரி ரசீதைக் கேளுங்க. விற்பவர் குடியிருப்பதாகச் சொல்லிக் கட்டினாரா, வாடகைக்கு விட்டதாகவா என்று பாருங்க. பழைய பாக்கி இருந்தால், அது வீட்டோடு சேர்ந்து உங்க தலையில் விழும்.