தண்டனை தாக்குதலான கதை: 'ஸ்ட்ரேஃப்'

பத்தாம் வகுப்பில் ஒரு நாள், "நாய் சிறுவனைத் தாக்கியது" என்பதை ஆங்கிலத்தில் எழுதச் சொன்னேன். ஒரு மாணவன் 'அட்டாக்' என்ற வினைச்சொல்லுக்குப் பதிலாக 'ஸ்ட்ரேஃப்' என்ற சொல்லைப் போட்டிருந்தான். சிவப்பு மையால் அடித்துவிட்டேன். "அகராதியில் 'தாக்கு'ன்னுதானே சார் போட்டிருக்கு?" என்று கையடக்க அகராதியைக் காட்டினான். அவன் சொன்னது உண்மை. எனக்கு உடனே பதில் சொல்லத் தெரியவில்லை. தேடிப் படித்துவிட்டு மறுநாள் வகுப்பில் சொன்னதை இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

தாழப் பறக்கும் விமானத்திலிருந்து தரையில் உள்ள ஆட்கள் மீதோ வாகனங்கள் மீதோ சரமாரியாகச் சுடுவதே 'ஸ்ட்ரேஃப்' என்பதன் இன்றைய முதன்மைப் பொருள். பதுங்கியிருந்து தாக்கினால் 'ஆம்புஷ்'. திடீரெனப் புகுந்து தாக்கினால் 'ரெய்டு'. பீரங்கியால் தொடர்ந்து குண்டு பொழிந்தால் 'பம்பார்டு'. இவை அனைத்துக்கும் 'தாக்கு' என்று ஒரே பொருளை எழுதிப்போட்டால் மாணவர் குழம்பத்தான் செய்வார்.

இச்சொல்லின் பிறப்பிடம் ஜெர்மன் மொழி. அங்கே 'ஷ்ட்ராஃபென்' என்றால் 'தண்டித்தல்'. 1914-இல் முதல் உலகப்போர் தொடங்கியதும், "கடவுள் இங்கிலாந்தைத் தண்டிக்கட்டும்" என்ற முழக்கம் ஜெர்மனியில் பரவியது. அஞ்சலட்டைகளிலும் சட்டைவில்லைகளிலும் அதை அச்சிட்டார்கள். எதிர்ப்பக்கப் பதுங்குகுழிகளில் இருந்த ஆங்கிலேயச் சிப்பாய்கள் அந்த வினைச்சொல்லைக் கேலியாகத் தங்கள் பேச்சில் எடுத்துக்கொண்டார்கள். தங்கள் மீது விழும் பீரங்கிக் குண்டுகளை அப்படிக் குறிப்பிட்டார்கள். மேலதிகாரியிடம் வாங்கும் திட்டுக்கும் அதே சொல்தான். பிறகு போரில் விமானங்களின் பங்கு கூடக்கூட, அது வானிலிருந்து சுடுவதற்கே உரிய சொல்லாக நிலைத்தது.

இதே போர் தமிழுக்கும் ஒரு சொல்லைத் தந்தது. 1914 செப்டம்பர் 22 இரவு, 'எம்டன்' என்ற ஜெர்மானியப் போர்க்கப்பல் சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகளைக் குண்டு வீசி எரித்தது. அதன்பின், எதற்கும் துணிந்த கெட்டிக்காரரை "அவன் பெரிய எம்டன்" என்று சொல்வது நம் வழக்காயிற்று. இதைச் சொன்னதும், "எங்க தாத்தா சொல்வாரு சார்!" என்று இரண்டு மூன்று குரல்கள் எழுந்தன. பகைவரிடமிருந்து ஒரு சொல் எப்படி வந்து சேரும் என்பதை அதற்குமேல் விளக்க வேண்டியிருக்கவில்லை.

வினைச்சொற்களைக் கற்பிக்கும்போது பொருளோடு மூன்று கேள்விகளையும் சேர்த்துக் கேட்கலாம்: செய்பவர் யார்? எதைக்கொண்டு செய்கிறார்? எங்கிருந்து செய்கிறார்? நாயிடம் விமானமும் இல்லை, துப்பாக்கியும் இல்லை என்று மாணவர்களே சொல்லிவிடுவார்கள்.

அன்று அந்த மாணவன் எழுதிய விடை தவறுதான். காரணம் சொல்லாமல் நான் அதை அடித்ததும் தவறுதான்.