கையில் தொழில் இருக்கிறது, பத்திரம் இருக்கிறதா? ஒன்ராறியோவில் கட்டட வேலை தேடுவோருக்கு



எங்கள் அலுவலகத்துக்குப் புதிதாக வருகிறவர்களிடம் "ஊரில் என்ன தொழில் செய்தீர்கள்?" என்று கேட்டால், பலர் தயங்கித் தயங்கித்தான் பதில் சொல்வார்கள். "பெரிசா ஒண்டும் இல்லை ரீச்சர், மேசன் வேலைதான்." நான் ஊரில் படிப்பித்தவள் என்று தெரிந்ததால் எல்லோருக்கும் நான் ரீச்சர்தான். அவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: மேசன், ஓடாவி, வயரிங், பைப் வேலை எல்லாம் இங்கே மதிப்புள்ள தொழில்கள். பரீட்சை எழுதி அத்தாட்சிப் பத்திரம் எடுத்தவருக்கு நல்ல சம்பளமும் உண்டு. ஆனால் அந்தப் பத்திரத்துக்குப் போகிற வழியை ஆரம்பத்திலேயே தெரிந்துகொள்ள வேண்டும். தெரியாமல் அவசரப்பட்டு இறங்கினால் வேலையும் போகும், சில வேளை அகதிக் கோரிக்கைக்கும் பாதகம் வரும்.

முதலில் வேலை அனுமதி

அகதிக் கோரிக்கை வைத்தவர் வேர்க் பேர்மிட் கேட்கலாம். கோரிக்கை வைத்தவருக்கு இதற்குக் கட்டணம் இல்லை. கைரேகை, மருத்துவப் பரிசோதனை இரண்டையும் முடிக்க வேண்டும். மருத்துவப் பரிசோதனைக்குப் பிந்தினால் பேர்மிட்டும் பிந்தும். பேர்மிட் வந்ததும் சேர்விஸ் கனடா அலுவலகத்தில் சின் நம்பர் இலவசமாக எடுக்கலாம். உங்கள் நம்பர் 9இல் தொடங்கும், பேர்மிட் முடியும் திகதியோடு அதுவும் முடியும். ஆகவே புதுப்பிக்கும் திகதியைக் கலண்டரில் குறித்து வையுங்கள். பேர்மிட் கையில் வரும்வரை எந்த வேலையும் வேண்டாம். "ஒரு கிழமைதானே" என்று சொல்லிக் கூப்பிடுவார்கள், போகாதீர்கள்.

உங்கள் தொழில் எந்தப் பக்கம்?

கனடாவில் தொழில் பத்திரம் கொடுப்பது மத்திய அரசு அல்ல, ஒவ்வொரு மாகாணமும்தான். ஒன்ராறியோவில் 2022 ஜனவரி முதல் ஸ்கில்ட் ரேட்ஸ் ஒன்ராறியோ என்ற நிறுவனம் இதைப் பார்க்கிறது. அங்கே 140க்கும் மேற்பட்ட தொழில்கள் உண்டு. அவற்றை இரண்டாகப் பிரித்திருக்கிறார்கள்.

ஒன்று, கட்டாயப் பத்திரம் வேண்டிய தொழில்கள். இவை 23. இலெக்ரீசியன், பிளம்பர், ஏசி மற்றும் குளிரூட்டி மெக்கானிக், தகர வேலை செய்பவர், கிரேன் ஓட்டுபவர் எல்லாம் இதற்குள் வருவார்கள். பத்திரம் இல்லாதவர், அல்லது பயிலுனராகப் பதியாதவர், இந்த வேலையைச் செய்வது சட்டவிரோதம். எத்தனை வருட அனுபவம் என்றாலும் இதுதான் சட்டம்.

இரண்டு, பத்திரம் கட்டாயமில்லாத தொழில்கள். மேசன், தச்சு வேலை, ரைல்ஸ் பதிப்பது, பெயின்ற் அடிப்பது, கொங்கிறீற் பூச்சு வேலை ஆகியவை இதற்குள். இவர்கள் பேர்மிட் கிடைத்தவுடன் பத்திரம் இல்லாமலே ஒருவரிடம் வேலைக்குச் சேரலாம். பிறகு விரும்பினால் பத்திரம் எடுக்கலாம். எடுத்தால் சம்பளம் பேச உதவும்.

"இருபது வருஷம் வயரிங் செய்தனான், இஞ்சை ஏன் திரும்பவும் பாஸ் பண்ண வேணும்?" என்று கோபத்தோடு கேட்பவர்கள் உண்டு. ஒரு உதாரணம் பாருங்கள். ஊரில் பழைய வீடுகளில் சிவப்பு வயர் கரண்ட் வருவது, கறுப்பு வயர் நியூற்றல். இங்கே கறுப்பு வயர்தான் கரண்ட் வருவது, வெள்ளை நியூற்றல். ஊரில் 230 வோல்ற், இங்கே வீட்டுக்கு 120உம் 240உம் சேர்ந்து வருகிறது. ஊர்ப் பழக்கத்தில் கறுப்பு வயரில் கை வைத்தால் என்ன நடக்கும்? உங்கள் திறமையில் குறை இல்லை. இங்கத்தைய முறை வேறு, அவ்வளவுதான். மேசன்மாருக்கும் இது பொருந்தும். இங்கே நிலம் உறைவதால் அத்திவாரம் ஏறத்தாழ நாலு அடி ஆழத்துக்குப் போக வேண்டும். சுவரும் பெரும்பாலும் மரச்சட்டமும் ட்ரைவோலும்தான்.

அனுபவத்தை எப்படிக் காட்டுவது?

ஊரிலோ கட்டார், டுபாயிலோ வேலை செய்த அனுபவத்தை வீணாக விட வேண்டியதில்லை. தொழில் சமநிலை மதிப்பீடு என்று ஒரு விண்ணப்பம் உண்டு. உங்கள் அனுபவம் இங்கத்தைய பயிலுனர் பயிற்சிக்குச் சமனா என்று பார்ப்பார்கள். அந்தப் பயிற்சி எவ்வளவு நீளம் என்றால், கட்டட இலெக்ரீசியனுக்கு 9,000 மணித்தியாலம், தச்சருக்கு 7,200 மணித்தியாலம். மதிப்பீட்டுக்குக் கட்டணம் உண்டு. ஒத்துக்கொண்டால் பரீட்சை எழுதலாம். கேள்விக்குக் கீழே தந்திருக்கும் விடைகளில் சரியானதைத் தெரிவு செய்கிற பரீட்சைதான், 70 புள்ளி எடுத்தால் சித்தி. ரெட் சீல் தொழிலாக இருந்தால் அந்த முத்திரையும் சேர்ந்து வரும், அது மற்ற மாகாணங்களிலும் செல்லும். ரெட் சீல் இணையத்தளத்தில் பாடத்திட்டமும் மாதிரிக் கேள்விகளும் இலவசமாக இருக்கின்றன. தொழில் தெரிந்தவர்கள் பெரும்பாலும் தடுமாறுவது தொழிலில் அல்ல, கேள்வியின் ஆங்கிலத்தில்தான். ஆகவே ஆங்கில வகுப்பை விட வேண்டாம்.

விண்ணப்பத்தோடு முன்னைய முதலாளிமாரின் கடிதம் வேண்டும். "இவர் நல்ல பிள்ளை" என்று எழுதினால் போதாது. எந்தத் திகதியிலிருந்து எந்தத் திகதிவரை, என்ன என்ன வேலை, எத்தனை மணித்தியாலம் என்று கொம்பனித் தலைப்புள்ள தாளில் எழுதிக் கையெழுத்திட்டிருக்க வேண்டும். தமிழிலோ சிங்களத்திலோ இருந்தால் தகுதிபெற்ற மொழிபெயர்ப்பாளரைக் கொண்டு மொழிபெயர்க்க வேண்டும். தொழில்நுட்பக் கல்லூரிச் சான்றிதழ், தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் இருந்தால் அதையும் சேருங்கள்.

"கடிதம் எங்கை எடுக்கிறது? முதலாளியும் இல்லை, கொம்பனியும் இல்லை." எங்களிடம் வருபவர்களில் பாதிப்பேரின் நிலை இதுதான். கைவிட வேண்டாம். 2006இல் ஒன்ராறியோ கொண்டுவந்த நியாயமான அனுமதிச் சட்டத்தின்படி, தன் கையை மீறிய காரணத்தால் ஆவணம் எடுக்க முடியாதவரிடம் அதற்குப் பதிலாக எதை ஏற்கலாம் என்பதைக் கட்டாயத் தொழில்களுக்குப் பத்திரம் கொடுப்பவர்கள் பகிரங்கமாகச் சொல்ல வேண்டும். ஆகவே "என்னிடம் ஆவணம் இல்லை" என்று சும்மா இருக்காமல், "பதிலாக எதை ஏற்பீர்கள்?" என்று எழுதிக் கேளுங்கள். எழுத நாங்கள் உதவுவோம்.

மிக முக்கியம்: இரண்டு கதை வேண்டாம்

இந்தப் பகுதியைத் தயவுசெய்து இரண்டு முறை வாசியுங்கள். அகதிக் கோரிக்கைப் படிவங்களில் கடந்த 10 வருடம் எங்கே இருந்தீர்கள், என்ன வேலை செய்தீர்கள் என்று மாத வாரியாக எழுதியிருப்பீர்கள். தொழில் விண்ணப்பத்தில் அனுபவத்தைக் கூட்டிக் காட்ட ஒரு வருடத்தை நீட்டினால் என்ன நடக்கும்? ஒரு தாளில் 2016இல் ஒளித்திருந்தேன் என்றும் மற்றத் தாளில் அதே 2016இல் கொழும்பில் வயரிங் செய்தேன் என்றும் இருக்கும். விசாரணையில் இது வெளியே வந்தால், உண்மையான கதையையும் நம்பமாட்டார்கள்.

ஆகவே விண்ணப்பம் நிரப்பும்போது கோரிக்கைப் படிவத்தின் பிரதியைப் பக்கத்தில் வையுங்கள். திகதி பிழையாக எழுதியிருந்தால் ஒளிக்காமல் சட்டத்தரணியிடம் சொல்லித் திருத்துங்கள். அதேபோல, கடிதம் எடுப்பதற்காக இலங்கைத் தூதரகத்துக்கோ ஊரிலுள்ள அரச அலுவலகத்துக்கோ போவதற்கு முன் சட்டத்தரணியிடம் கேளுங்கள். "அரசாங்கத்துக்குப் பயம்" என்று சொன்னவர் ஏன் அங்கே போனார் என்ற கேள்வி வரலாம். ஊரிலே கடிதம் வாங்க அலைகிற தம்பிக்கோ அக்காவுக்கோ ஆபத்து வரக்கூடாது என்பதையும் யோசியுங்கள்.

"என்ரை லைசென்ஸிலை செய்யலாம்"

ஒரு தம்பி, ஊரிலும் கட்டாரிலும் 14 வருடம் வயரிங் செய்தவர், வந்து இரண்டாம் மாதமே பேஸ்மென்ற் வேலைக்குப் போனார். கூட்டிப்போனவர் "என்ரை லைசென்ஸ் இருக்குது, நீ பயப்படாதை" என்றாராம். மூன்று கிழமை வேலை. சம்பளம் கேட்டபோது, "உனக்குப் பேர்மிட்டும் இல்லை, லைசென்ஸும் இல்லை, போய் எங்கை எண்டாலும் சொல்லு" என்று பதில். பயத்தில் அவர் எங்களிடம் வரவே நாலு மாதம் எடுத்தது.

ஒருவரின் பத்திரத்தில் இன்னொருவர் வேலை செய்ய முடியாது. முறையான வழி, பயிலுனராகப் பதிந்து, பத்திரமுள்ளவரின் கீழ் வேலை செய்வது. அதற்கு உங்களைப் பதிய ஒரு முதலாளி வேண்டும். அந்தத் தம்பி இப்போது பேர்மிட்டோடு அப்படித்தான் வேலை செய்கிறார்.

தனியாகக் கொன்ரக்ற் எடுக்க நினைப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. அதற்கு வேறு லைசென்ஸ் உண்டு. மற்றவர் வீட்டு மின்வேலையைக் கொன்ரக்ற் எடுப்பதற்கு மின் ஒப்பந்தக்காரர் லைசென்ஸ் வேண்டும். ரொறன்ரோவில் வீடு திருத்தும் தொழில் நடத்த நகரசபையின் லைசென்ஸ் வேண்டும். மொன்றியலில் இருப்பவர்கள் கவனியுங்கள்: கியூபெக்கில் சட்டம் வேறு. அங்கே கட்டுமானத் தளங்களில் மேசனுக்கும் தச்சருக்கும்கூடத் தகைமை அட்டை வேண்டும், அதற்கு முன் 30 மணித்தியாலப் பாதுகாப்புப் பயிற்சியும் வேண்டும்.

உயிரோடு வீடு வர

ஒன்ராறியோவில் வேலை தொடங்கும் எல்லோரும் அடிப்படைப் பாதுகாப்புப் பாடம் படிக்க வேண்டும். அது இணையத்தில் இலவசம். கட்டுமானத் தளத்தில் விழாமல் தடுக்கும் பெல்ற் முதலியவற்றைப் பாவிக்க வேண்டியவருக்கு, உயரத்தில் வேலை செய்யும் பயிற்சி 2015 முதல் கட்டாயம். ஒரு நாள் வகுப்பு, மூன்று வருடம் செல்லும். அரசு அங்கீகரித்த இடத்தில் மட்டும் படியுங்கள்.

ஆபத்தான வேலையைச் செய்ய மறுக்க உங்களுக்குச் சட்டப்படி உரிமை உண்டு. வேலையில் காயம் வந்தால் டாக்டரிடம் "வேலையில் நடந்தது" என்று சொல்லுங்கள். "வீட்டிலை விழுந்தனான் எண்டு சொல்லு" என்று முதலாளி சொன்னால் கேட்க வேண்டாம். டபிள்யூ.எஸ்.ஐ.பி. என்ற தொழிலாளர் காப்புறுதியில் 6 மாதத்துக்குள் கோரிக்கை வைக்க வேண்டும். அந்தக் காப்புறுதிக்குப் பணம் கட்டுவது முதலாளி, நீங்கள் அல்ல.

எங்களிடம் வரும்போது கொண்டு வாருங்கள்

• வேர்க் பேர்மிட், சின் கடிதம்
• கோரிக்கைப் படிவங்களின் பிரதி
• ஊர், வெளிநாட்டுச் சான்றிதழ்கள், சம்பளத் துண்டுகள், வேலைசெய்த இடத்துப் படங்கள்
• எந்த வருடம் யாரிடம் என்ன வேலை என்று நீங்களே எழுதிய ஒரு தாள்

கடைசியாகச் சொன்ன தாளை இன்றிரவே எழுதத் தொடங்குங்கள். நாள் போகப் போகத் திகதிகள் மறந்துவிடும். ஒன்றும் இல்லை என்று நினைத்து வராமல் இருக்க வேண்டாம். வெறுங்கையோடு வந்தாலும் இருந்து பேசுவோம்.

அடுத்த இதழில் சந்திப்போம்.