கோப்பியை வீழ்த்திய செம்பொடி

மாரிகாலத்தில் நாலைந்து நாள் மறந்து வைத்த பாண் துண்டிலே பூஞ்சணம் படர்ந்திருப்பதை நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம். அம்மா முகஞ் சுளித்து அதனை எறிந்துவிடுவார். உயிரியல் பயிலத் தொடங்கும் மாணவனோ, "இதனை இங்கு விதைத்தவர் யார்?" என்று ஒருகணம் நின்று கேட்டல் வேண்டும். இதே கேள்வி முன்னொரு காலத்தில் நமது மலைநாட்டுக் கோப்பித் தோட்டங்களிலும் எழுந்தது. விடை கிடைத்தபோது காலம் கடந்துவிட்டது.

அக்காலத்தில் இலங்கையின் மலைச்சரிவுகளை ஆண்டது கோப்பியே. 1869ஆம் ஆண்டில் மடுல்சீமைப் பகுதியிலே சில செடிகளின் இலைகளின் கீழ்ப்புறத்தில் செம்மஞ்சள் நிறப் பொடி படிந்திருக்கக் கண்டனர். பேராதனைப் பூங்காவின் தலைவராயிருந்த துவெயிற்சு அவர்கள் அவ்விலைகளை இங்கிலாந்துக்கு அனுப்பினார். அங்கே பேர்க்கிலி என்னும் பாதிரியார் அதனை நுணுக்குக்காட்டியில் ஆராய்ந்து, புதியதொரு பங்கசு எனக் கூறி, ஹெமிலியா வாஸ்டாட்றிக்ஸ் என்று பெயரிட்டார். முதற்சொல் 'பாதி வழுவழுப்பானது' என்றும், இரண்டாவது 'பாழாக்குவது' என்றும் பொருள்படும். இப்பெயர் பின்னர் எவ்வளவு பொருத்தமாயிற்று!

பெயர் இட்டதனால் நோய் நின்றுவிடவில்லை. காலநிலை கெட்டது என்றார் சிலர். மண் சாரமிழந்தது என்றார் வேறு சிலர். ஆண்டுதோறும் இலைகள் உதிர, விளைச்சலும் குறைந்தது. 1880இல் மார்ஷல் வார்ட் என்னும் இளம் விஞ்ஞானி இங்கு அனுப்பப்பட்டார். பொடியின் ஒவ்வொரு துகளும் ஒரு வித்தி என்பதையும், அது முளைப்பதற்கு நீர்த்துளி வேண்டும் என்பதையும் அவர் காட்டினார். பசை பூசிய கண்ணாடித் துண்டுகளைத் தோட்டங்களிலே வைத்து, காற்றில் மிதந்து வரும் வித்திகளைப் பிடித்தார். நலமான இலையிலே வித்திகளை இட்டு, நோய் தோன்றும் வரை நாள் எண்ணிக் காத்திருந்தார். ஊகத்தை விடுத்துச் சோதனையை நாடிய இந்தப் பொறுமையே எம் மனதைக் கவருகின்றது.

அவர் கண்டதை விளங்கிக்கொள்ளப் பாடநூலின் முதற்சில பக்கங்களே போதும். பச்சைத் தாவரம் பச்சையத்தின் துணையால் சூரிய ஒளியைக் கொண்டு தன் உணவைத் தானே ஆக்குகின்றது. பங்கசுக்குப் பச்சையம் இல்லை. ஆகவே அது பிற பொருளை அண்டியே வாழவேண்டும். பாணிலே வளர்வது உயிரற்ற பொருளை உண்பது. கோப்பியில் வளர்வதோ ஒட்டுண்ணி. கோப்பி இலையின் கீழ்ப்புறத்திலேதான் இலைவாய்கள் உள்ளன. இலை சுவாசிப்பதற்கென அமைந்த அச்சிறு வாயில்களினூடே, முளைத்த வித்தியின் நுண்ணிய இழை உட்புகுகின்றது. கலங்களுக்கிடையே பரவி, அவற்றினுள் உறிஞ்சும் உறுப்புக்களைச் செலுத்துகின்றது. சில வாரங்களில் ஒரு புள்ளியிலிருந்தே இலட்சத்துக்கு மேற்பட்ட வித்திகள் வெளிப்படும். இலை உதிர்ந்தால் உணவாக்கும் சாலை மூடப்பட்டது போலாகும். செடி உடனே மடியாது, ஆயினும் காய்க்க வலுவிராது.

மலைக்கு மலை இடைவெளியின்றி ஒரே பயிரை நட்டதும் பெருங்குற்றமே என்று வார்ட் கண்டார். காற்றுக்கு வழியில் தடையில்லை; வித்திக்கு எங்கும் விருந்து. அவர் 1882இல் நாடு திரும்பினார். பங்கசுகளை அடக்கவல்ல போர்டோக் கலவை பற்றிய செய்தி பிரான்சில் வெளிவந்தது 1885இல்! அதற்கு முந்திய ஆண்டே, கோப்பிக்குக் கடன் கொடுத்திருந்த ஓரியன்டல் வங்கி முறிந்தது.

1867இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெயிலர் பத்தொன்பது ஏக்கரில் நட்டிருந்த தேயிலை, கோப்பி விட்ட இடத்தைப் பிடித்தது. இம்மாற்றம் பயிரோடு நிற்கவில்லை. கோப்பிக்குப் பறிக்கும் பருவத்திலேயே ஆள் மிகுதியாக வேண்டும். தமிழகத்திலிருந்து மன்னார் வழியாகக் காட்டுப்பாதையில் நடந்து வந்தோர், வழியில் மாண்டோர் போக எஞ்சியவர்கள், பருவம் முடியத் தம் ஊருக்கு மீள்வர். தேயிலைக் கொழுந்தையோ ஆண்டு முழுவதும் பறிக்கவேண்டும். ஆகவே குடும்பங்கள் லயங்களிலே நிலைத்தன. இன்றைய மலையகத் தமிழரின் வரலாற்றிலே கண்ணுக்குத் தோன்றாத ஒரு வித்திக்கும் பங்குண்டு.

அந்தப் பங்கசு மறைந்துவிடவில்லை. 1970இல் அது பிரேசிலையும் எட்டியது. உங்கள் வீட்டுக் கொல்லையிலே கோப்பிச் செடி நின்றால், மழைக்குப்பின் முதிர்ந்த இலையொன்றைத் திருப்பி விரலால் தடவிப் பாருங்கள். செம்மஞ்சட் பொடி ஒட்டினால், அதனைக் கண்ணாடித் துண்டில் ஒரு துளி நீருடன் இட்டுப் பாடசாலை நுணுக்குக்காட்டியின் கீழ் வையுங்கள். ஒருபுறம் முட்போலச் சொரசொரப்பும் மறுபுறம் வழுவழுப்புமாக, பேர்க்கிலி கண்ட அதே உருவம் தெரியும்.